கால் வைக்காத ஸ்டாப்பர்

எதிரணி ஃபார்வர்ட் பந்தோடு நேராக ஏறி வருகிறார். குறுக்கே நம் ஸ்டாப்பர் ஒருவர்தான். கோட்டுக்கு வெளியே நிற்கும் கூட்டம் “கால வை, கால வை” என்று கத்துகிறது. அவர் வைப்பதில்லை. உடம்பை ஒருக்களித்து, கண்ணைப் பந்தில் வைத்துப் பின்னாலேயே போகிறார். பத்து மீட்டர் போகிறார், பதினைந்து மீட்டர் போகிறார். “இன்னாபா, பயந்துகினு பின்னாடியே போவுது” என்று யாராவது ஒருவர் சொல்லாத ஆட்டமே இல்லை. கடைசியில் ஷாட் சைடு நெட்டில் படும், இல்லாவிட்டால் பந்து ஒரு முழம் கூடுதலாக உருண்டு கீப்பர் கைக்குப் போகும். கைதட்டல் கீப்பருக்கு.

தென்சென்னைப் புறநகரில் பெண்கள் கால்பந்தை விடாமல் பார்ப்பவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும். பெயர் வேண்டாம். கோவளம் மணலில் பந்து பழகியவர், இப்போது ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர் என்ற அளவு போதும். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை அவரைப் பற்றி ஒரே தீர்ப்புதான்: நல்ல ஆட்டக்காரி, ஆனால் டிஃபென்டருக்கு வேண்டிய துணிச்சல் பத்தாது. கூட்டம் இப்படிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம், விவரம் தெரிந்தவர்களும் அதையே சொல்லும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர் ஆடும் தொண்ணூறு நிமிடத்தில் மிகத் துணிச்சலான காரியம் அந்தப் பின்நடைதான் என்பது என் கட்சி.

அந்தச் சில நொடிகளை நிறுத்திப் பாருங்கள். அவர் நேர்கோட்டில் பின்வாங்குவதில்லை. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, இடுப்பு டச் லைனைப் பார்த்தபடி. ஃபார்வர்டுக்கு ஒரு வழியை வேண்டுமென்றே திறந்துவைக்கிறார். அது எப்போதும் கோலை விட்டு விலகிப் போகும் வழி. இருவருக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு கை நீளம். அதைவிட நெருங்கினால் ஒரே தட்டில் தாண்டிவிடுவார்கள். அதைவிட விலகினால் ஃபார்வர்ட் தலையைத் தூக்கி, யார் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்த்துவிடுவார். தலையைத் தூக்கவிடக் கூடாது, காலையும் வைக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற குறுகிய இடத்தில்தான் அவருடைய மொத்த ஆட்டமும் நடக்கிறது.

எதற்காகக் காத்திருக்கிறார்? பந்து ஃபார்வர்டின் காலை விட்டு ஓர் எட்டு கூடுதலாக விலகும் கணத்துக்காக. அது வந்துவிட்டால் டேக்கிளே தேவைப்படாது, உடம்பை நடுவே நுழைத்துவிடுவார், பந்து தானாகவே அவருடையதாகிவிடும். வராவிட்டாலும் நஷ்டமில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுபவரைவிட வெறுமனே ஓடுபவருக்கு வேகம் அதிகம். ஸ்டாப்பர் மூன்று நொடி இழுத்துவிட்டால் பின்தங்கிய மிட்ஃபீல்டர் ஒருவராவது வந்து சேர்ந்துவிடுவார். ஒருவருக்கு ஒருவர் என்றிருந்த கணக்கு ஒருவருக்கு இருவர் ஆகிவிடும். இவர் திருடுவது பந்தை அல்ல, நேரத்தை.

இதற்கு நல்ல ஆட்சேபம் ஒன்று உண்டு. அதைக் கூட்டம் சொல்லவில்லை, நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்கள் ஆட்டத்திலும் கோல் அதே 7.32 மீட்டர் அகலம், அதே 2.44 மீட்டர் உயரம். கீப்பர்களின் சராசரி உயரம் ஆண்களைவிடக் குறைவு. அதனால் இருபது மீட்டரிலிருந்து உயர்த்தி அடிக்கும் பந்து பெண்கள் ஆட்டத்தில் கூடுதல் ஆபத்து. பின்னாலேயே போய்க்கொண்டிருந்தால் அந்த ஷாட்டை இனாமாகக் கொடுத்ததாகாதா?

ஆகும். அதனால்தான் அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பதில்லை. எங்கே நிற்கிறார் என்று கவனித்தால் போதும். பெனால்டி பாக்ஸின் கோடு கோலிலிருந்து 16.5 மீட்டர். புத்தகப்படி பயிற்சி எடுத்த டிஃபென்டர் அந்தக் கோட்டில் வந்து நிற்பார். இவர் அதற்கு நாலைந்து எட்டு முன்னாலேயே நின்றுவிடுகிறார். அங்கே நின்று, ஷாட் அடிக்கும் காலுக்கு நேராகத் தன் முன்காலை வைக்கிறார். அடிக்கலாம், ஆனால் பலவீனமான காலால் அடிக்க வேண்டும். அல்லது இன்னொரு தட்டு தட்டி ஓரமாகப் போய் அடிக்க வேண்டும். சைடு நெட் சைடு நெட் என்று நாம் அதிர்ஷ்டத்துக்கு நன்றி சொல்கிறோமே, அந்தக் கோணத்தை அமைத்துக் கொடுத்தவர் அவர்தான். யாரும் பாக்ஸ் கோட்டைத் தாண்டி அவர் நிற்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டைப் பார்ப்பதில்லை. நான் மைதானத்துக்குப் போவதே இப்போதெல்லாம் அதைப் பார்க்கத்தான்.

விதியும் அவர் பக்கம்தான். கோல் வாய்ப்பை ஃபவுல் செய்து கெடுத்தால் சிவப்பு அட்டை என்பது எல்லோருக்கும் தெரியும். 2016-ல் அதில் ஒரு சலுகை வந்தது: பெனால்டி பாக்ஸுக்குள் பந்துக்காக முயன்று தவறிய ஃபவுல் என்றால் பெனால்டியோடு மஞ்சள் அட்டை மட்டும். பாக்ஸுக்கு வெளியே அந்தச் சலுகை கிடையாது. அதாவது நம் கூட்டம் “கால வை” என்று கத்துகிற அந்த முப்பதாவது மீட்டர்தான் கடைசி டிஃபென்டருக்கு மைதானத்திலேயே மிக ஆபத்தான இடம். அங்கே ஒரு விரற்கடை தவறினால் மிச்ச ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். கோல் வாய்ப்பு தெளிவானதா என்று முடிவு செய்ய ரெஃப்ரி பார்ப்பவற்றில் ஓட்டத்தின் திசையும் ஒன்று, மற்ற டிஃபென்டர்கள் எங்கே என்பதும் ஒன்று. இவர் ஃபார்வர்டை ஓரத்துக்குத் தள்ளி, இன்னொருவர் வரும் வரை இழுத்து, அதற்குப் பிறகு கால் வைக்கிறார். அப்போது தவறினாலும் அது பெரும்பாலும் சாதாரண ஃப்ரீ கிக்தான். ஆளைத் தொடுவதற்கு முன்பே தண்டனையைக் குறைத்துக்கொள்கிற தடுப்பாட்டம் இது. கோழைக்கு இந்தக் கணக்கெல்லாம் ஓடாது.

வேடிக்கை என்னவென்றால், இதே ஜனங்கள் கபடியில் இதைச் சரியாகப் புரிந்துகொள்கிறார்கள். கண்ணகி நகர்ப் பெண்கள் கபடி ஆடும்போது போய்ப் பாருங்கள். ரெய்டர் உள்ளே வந்ததும் கார்னரில் நிற்பவள் பாய்ந்தால் “அவசரப்பட்டா பாரு” என்று திட்டு விழும். முப்பது நொடி ரெய்டில் எதிராளி கால் நீட்டும் வரை பின்வாங்கி நிற்பவளைத்தான் கெட்டிக்காரி என்கிறார்கள். அங்கே இருந்து ஓஎம்ஆரில் கொஞ்சம் தெற்கே வந்து கால்பந்து மைதானத்தில் உட்கார்ந்ததும் அந்த அறிவு எங்கே போகிறது என்று தெரியவில்லை.

சறுக்கிப் பந்தைத் தட்டிவிடும் டேக்கிள் ஒரு கண்காட்சி. புழுதி பறக்கும், ஃபார்வர்ட் உருளுவார், போட்டோ கிடைக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் சறுக்கிய டிஃபென்டர் தரையில் கிடக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பந்து தப்பினால் அவர் ஆட்டத்திலேயே இல்லை. ஒரு டிஃபென்டர் ஆட்டத்துக்கு ஆட்டம் சறுக்கிக்கொண்டே இருந்தால் அவர் முதலில் தவறான இடத்தில் நின்றிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். டேக்கிள்களை எண்ணிப் பட்டியல் போட்டு டிஃபென்டர்களுக்கு மார்க் கொடுக்கிறவர்கள், பிழை திருத்தியதற்கு மார்க் கொடுக்கிறார்கள், பிழையே செய்யாதவருக்குச் சுழியம்.

கோவளத்துக்கு வருகிறேன். அந்தக் கடற்கரைக்குக் கேமராக்கள் வருவது அலைச்சறுக்குக்காக. 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்த பிறகு குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்ளவும் வருகிறார்கள். சாயங்காலம் குப்பத்துப் பக்கம் பந்து ஆடும் பிள்ளைகளை யாரும் எடுப்பதில்லை. ஸ்டாப்பரின் பள்ளிக்கூடம் அதுதான். காய்ந்த மணலில் பந்து உருளாது. தள்ளிக்கொண்டு ஓட முடியாததால் பையன்கள் அதைக் கால் நுனியால் தூக்கித் தூக்கித்தான் கொண்டுபோவார்கள். தூக்கிய பந்து கீழே வரும் வரை டிஃபென்டர் செய்வதற்கு ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டே பின்னால் போவதைத் தவிர. எங்கே விழும் என்று கடல்காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். மணலில் பாய்ந்து விழுந்தவள் எழுந்து நிற்பதற்குள் பந்து கட்டுமரத்தைத் தாண்டிப் போயிருக்கும். பின்நடையை அவருக்கு எந்த கோச்சும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார், மணல் சொல்லிக் கொடுத்தது என்று நான் அடித்துச் சொல்வேன். செம்மண் சரளையில் பழகியவர்கள் தொடை உரிந்தாலும் சறுக்குவார்கள். அது வேறு வம்சம்.

அவரிடம் குறையே இல்லையா? உண்டு. இடது கால் ஊன்றுகோல் மாதிரி, நிற்க மட்டும் உதவும். தலைக்கு மேல் போகும் நீளப் பந்துக்குத் திரும்பி ஓடும்போது முதல் இரண்டு எட்டு மெதுவாக வருகிறது. பக்கத்தில் ஆடும் இன்னொரு ஸ்டாப்பர் முன்னேறிப் பாயும் ரகமாக இருந்தால் இவர் ஜொலிக்கிறார். இருவருமே காத்திருக்கும் ரகமாக இருந்தால் எதிரணிக்கு நடுவில் ஒரு பூங்காவே கிடைத்துவிடுகிறது. பாய்கிறவருக்குப் பின்னால் விழும் ஓட்டையை இவர் அடைக்கிறார், ஆட்ட நாயகி விருது பாய்ந்தவருக்குப் போகிறது. ஜோடி அமைப்பதில்தான் அவருடைய எதிர்காலம் இருக்கிறது, அவருடைய ‘துணிச்சலில்’ இல்லை.

எதிர்காலம் என்றதும் பணமும் வேலையும் வந்துவிடும். நம் ஊரில் பெண் டிஃபென்டராகப் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறார். பள்ளியில் எல்லோரும் ஃபார்வர்டுதான். எட்டாம் வகுப்பில் சட்டென்று உயரமாகிவிட்டால் “நீ பின்னாடி நில்லு” என்று சொல்லிவிடுவார்கள். பிறகு செலக்‌ஷன். முன்பின் தெரியாத இருபத்திரண்டு பேரைக் கலந்து விட்டு அரைமணி நேரம் ஆடச் சொல்கிறார்கள். அந்த அரைமணியில் கோல் போட்டவர் தெரிவார், சறுக்கியவர் தெரிவார். சரியான இடத்தில் நின்றதால் பந்தே தன் பக்கம் வராமல் செய்தவர் எப்படித் தெரிவார்? இடம் பார்த்து நிற்பது பக்கத்தில் இருக்கும் மூன்று பேரோடு சேர்ந்து பழகினால்தான் வரும் கலை. அதை அந்நியர்களை வைத்து அளக்க முடியாது. நம் செலக்‌ஷன் முறை வருடா வருடம் பாய்கிறவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நம் ஆட்டக்காரிகளுக்குப் பொறுமை இல்லை என்று வருடக் கடைசியில் குறைப்பட்டுக்கொள்கிறது.

இதில் தோற்றால் இழப்பது ஓர் ஆட்டம் அல்ல. மாநில அணிச் சான்றிதழ் இருந்தால் கல்லூரி இடம், தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு, காவல்துறை, ரயில்வே. 2016-17-ல் தொடங்கிய இந்தியப் பெண்கள் லீக்கில் இப்போது கொஞ்சம் காசும் வந்திருக்கிறது. கிளப்புக்குக் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது தர வேண்டும் என்று இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2023-ல் அறிவித்தது. மாதம் இருபத்தாறாயிரத்துச் சொச்சம். நிமிர்ந்து நிற்கப் போதும், வீடு கட்டப் போதாது. அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் நடுவில் ஒரு செலக்டரின் “துணிச்சல் பத்தாது” நிற்கிறது.

நீடித்து ஆடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழங்காலில் ஏசிஎல் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் யாரும் மோதாமலே கிழிகிறது: பந்து வைத்திருப்பவரை நோக்கி வேகமாகப் போய், ஒற்றைக் காலில் பிரேக் போட்டு, திசை மாறும் அந்த நொடியில். “ஏறு, ஏறு” என்று நாம் கத்துவது எதை நோக்கி என்று யோசித்துக்கொள்ளலாம். கிழிந்தால் அறுவை, அப்புறம் ஒன்பது மாதம், ஒரு வருடம். இங்கே பல பேருக்கு அதோடு கதை முடிந்துவிடும். சின்னச் சின்ன எட்டாக வைத்துப் பின்னால் போகிறவருக்கு அந்த அபாயம் குறைவு. இந்தியாவுக்காக நூறு சர்வதேச ஆட்டங்களை முதலில் எட்டிய பெண் ஒரு டிஃபென்டர். 2024-ல் எட்டினார். அது ஆச்சரியமே இல்லை. இடம் பார்த்து நிற்கத் தெரிந்தவர்கள் பழையவர்களாக ஆக ஆக நன்றாக ஆடுகிறார்கள்.

பட்டங்கள்தான் அவர்களைத் தேடி வருவதில்லை. பெண்களுக்கான பாலோன் தோர் 2018-ல் தொடங்கியது. 2025 வரை கொடுத்த எல்லாமே ஃபார்வர்டுக்கும் மிட்ஃபீல்டருக்கும்தான். ஃபிஃபா மட்டும் 2020-ல் மனசு இரங்கி ஒரு ரைட் பேக்கைச் சிறந்த வீராங்கனை என்றது. அதிலும் நடுவில் நிற்கும் ஸ்டாப்பருக்கு அல்ல, ஓரமாக ஏறிப் போய் கிராஸ் போடுகிறவருக்கு. உலகமே இப்படி என்றால் நம் பக்கத்துக் கூட்டத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லைதான்.

2025 ஜூலையில் சியாங் மாயில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தகுதிச்சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்குள் இந்தியப் பெண்கள் நுழைந்தது அதுவே முதல்முறை. வெற்றி கோலைப் பற்றி ஒரு வாரம் எழுதினார்கள். அதற்குப் பிறகு இன்னும் கால்மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் மிச்சம் இருந்தது. சொந்த மண்ணில் துரத்திக்கொண்டிருந்த அணிக்கு எதிராக அந்தக் கால்மணி எப்படிக் கடந்தது என்று நான் தேடிய வரையில் யாரும் ஒரு பத்திகூட எழுதவில்லை. அந்த நிமிடங்களின் பதிவு கிடைத்தால் பந்தை விட்டுவிட்டுப் பின்வரிசையின் கால்களை மட்டும் பாருங்கள்.

சரி, இனி ஜோசியம். பொய்த்தால் வெட்டி வைத்துக்கொண்டு காட்டலாம்.

முதலில் கெட்ட செய்தி. இன்னும் இரண்டு சீசனுக்குள் இவரை மிட்ஃபீல்டுக்கோ ரைட் பேக்குக்கோ மாற்றுவார்கள். காரணம், பாஸ் நன்றாகக் கொடுக்கிறார். கோல் கிக்கைப் பாக்ஸுக்குள்ளேயே வாங்கலாம் என்று 2019-ல் விதி மாறியதிலிருந்து கீப்பர் பக்கத்தில் நின்று பந்தை வாங்கி, அவசரப்படாமல் தள்ளிவிடுகிற ஸ்டாப்பருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. அந்தத் திறமையைப் பார்த்ததும் ஏதாவது ஒரு கோச்சுக்கு இவரை முன்னால் தள்ளும் ஆசை வரும். முன்னால் போனால் இவருக்குப் பின்நடை போட இடமே இருக்காது. ஒரு சீசன் வீணாகும், பிறகு திரும்பக் கொண்டுவருவார்கள், “அனுபவம் கிடைத்தது” என்பார்கள்.

இரண்டாவது, சறுக்கல் டேக்கிள் நம் பக்கத்தில் தானாகவே குறையப் போகிறது. நாவலூர், பெரும்பாக்கம், மேடவாக்கம் என்று மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப்கள் பெருகிவிட்டன. இப்போதைய பத்து வயதுப் பெண்கள் அதில்தான் பழகுகிறார்கள். டர்ஃபில் ஒருமுறை சறுக்கி முட்டி எரிந்தவள் மறுமுறை யோசிப்பாள். சின்ன மைதானம், பக்கத்தில் வலை, பந்து வேகமாக ஓடும். பாய்கிறவள் அங்கே நொடியில் காணாமல் போவாள். இன்னும் ஏழெட்டு வருடத்தில் இந்தப் பக்கத்திலிருந்து வரும் டிஃபென்டர்கள் எல்லோரும் கால் வைக்காத ரகமாக இருப்பார்கள். அப்போது நம் ஆட்கள் “பழைய மாதிரி அடிச்சு ஆடுற பொண்ணுங்களே இல்லப்பா” என்று அங்கலாய்ப்பார்கள்.

மூன்றாவது லீக்கைப் பற்றி. கிளப்புகள் ஆப்பிரிக்காவிலிருந்து வலுவான ஃபார்வர்டுகளைக் கொண்டுவந்துகொண்டே இருக்கப் போகின்றன. உடம்பிலும் அனுபவத்திலும் நம்மவர்களைவிட மேலே இருக்கிற அவர்கள்மேல் பாய்வது வீண். முதல் உரசலிலேயே தெரிந்துவிடும். பாய்கிற ஸ்டாப்பர்கள் பெஞ்சுக்குப் போவார்கள், இழுக்கத் தெரிந்தவர்களுக்கு விலை ஏறும். கிளப்புகள் இதைக் கண்டுபிடிக்க ஒரு மோசமான சீசன் தேவைப்படும். அது அடுத்த சீசனாகவே இருக்கும் என்பது என் ஊகம்.

உலகக் கோப்பை 2027-ல் பிரேசிலில் 32 அணிகளோடு. 2031-ல் 48 அணிகள். ஆசியாவுக்கான இடங்கள் கட்டாயம் கூடும், இந்தியா நிஜமாகவே கதவைத் தட்டும் தகுதிச்சுற்று அதுதான். அதற்குள் நம் ஸ்டாப்பர் முப்பதை நெருங்கியிருப்பார். டிஃபென்டருக்கு அதுதான் பழுத்த வயது. முழங்கால் தப்பி, மிட்ஃபீல்டு வனவாசத்திலிருந்து திரும்பி, பக்கத்தில் பாயும் ரக ஜோடி ஒருவரும் அமைந்துவிட்டால் அந்தத் தகுதிச்சுற்றில் அவர் ஆடுவார். தேசிய சீனியர் கோப்பையை 2017-18-லும் 2022-23-லும் தூக்கி வந்த மாநிலத்திலிருந்து தேசிய அணியின் நடுப்பின்களத்துக்கு நிரந்தரமாக ஒருவர் போவது இன்னும் பாக்கி. அடுத்த ஸ்டாப்பரும் மணிப்பூரில் இருந்தோ ஒடிசாவில் இருந்தோதான் வருவார் என்று பந்தயம் கட்டுகிறவர்கள் கட்டட்டும். நான் கோவளத்தின் மேல் கட்டியிருக்கிறேன். ஒரு ஜப்பானியரோ கொரியரோ பந்தோடு ஏறி வர, இவர் பின்னாலேயே போவார். வர்ணனையாளர் “டிஃபென்டர் தயங்குகிறார்” என்று சொல்வார், அதற்கும் இப்போதே பந்தயம்.